மல்லாந்தா, ஒருக்களித்தா, குப்புறவா?

ஐப்பசி முடிந்து பனி இறங்கத் தொடங்கியதும் கொல்கத்தாவின் சந்துகளில் ஓர் ஒலி கேட்கும். ஆள் உயரத்துக்கு ஒரு வில்லைத் தோளில் சாத்திக்கொண்டு, நாணைச் சுண்டியபடியே ஒருவர் நடந்து வருவார். 'டொய்ங்… டொய்ங்…' என்ற அந்தச் சத்தம் மூன்றாவது மாடிவரை எட்டும். இவர்தான் 'துனுரி'. நம் ஊரில் பஞ்சு கொட்டுகிறவர் என்போமே, அவர். பீகார் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகிறவர்கள் இவர்களில் நிறையப் பேர். மாடியிலிருந்து யாராவது கூப்பிட்டால், மொட்டை மாடிக்கு ஏறி, போன வருஷத்து ரஜாய்ப் போர்வையையும் தலையணையையும் பிரித்து, கட்டிதட்டிப் போன பஞ்சை வில்நாணில் அடித்து நுரையாக்கி, மறுபடி அடைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

லேக் மார்க்கெட் பகுதியில் குடியிருந்த வருஷங்களில் எனக்குப் பிடரியில் ஓயாத வலி. காலையில் எழும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவேன். 'காடே பேத்தா' என்று சொன்னால் போதும், இந்த ஊரில் பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு 'ஸ்பாண்டிலைட்டிஸ்' கதையும் இருக்கும். நான் ஒரே வருஷத்தில் மூன்று தலையணை வாங்கினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலை கூடியது. வலி மட்டும் அசையவில்லை.

நான்காவதுக்காக ஒரு லேப்‑தோஷக் கடையில் ஏறினேன். ரஜாய், பஞ்சு மெத்தை, தலையணை தைத்து விற்கும் இந்தக் கடைகள் கொல்கத்தாவில் பேட்டைக்குப் பேட்டை உண்டு. எத்தனை கிலோ பஞ்சு வேண்டும் என்று கேட்பார் என நினைத்தேன். கடைக்காரப் பெரியவர் கேட்டது வேறு: "சித் ஹோயே ஷோன், நா பாஷ் ஃபிரே?" மல்லாந்து படுப்பீர்களா, ஒருக்களித்தா? ஒருக்களித்து என்றேன். எழுந்து வந்தார். என் தோள்பட்டை விளிம்பில் சுண்டுவிரலை ஊன்றிக் காதுவரை கையை விரித்துப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, பையனிடம் பஞ்சின் எடையைச் சொன்னார்.

மூன்று தலையணை விற்ற யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கழுத்து வலிக்குத் தலையணை தேடுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான் என்பதை அதன் பிறகு படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். என்ன பஞ்சு, என்ன பிராண்ட், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். உயரம்தான் முதலில்.

கழுத்தில் இருப்பவை ஏழே எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். இந்த ஏழும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையைப் பகல் முழுக்கத் தாங்குகின்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கழுத்து நேர்கோடாக இருக்காது, முன்பக்கமாக மெல்ல வளைந்திருக்கும். படுக்கும்போது அந்த வளைவு கெடாமல், தலை எந்தப் பக்கமும் தொங்காமல் இருந்தால்தான் தசைகள் ஓய்வெடுக்கும். தலையணைக்கு உள்ள ஒரே வேலை, படுக்கைக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவது. அந்த இடைவெளி ஆளுக்கு ஆள் வேறு, படுக்கும் விதத்துக்கு விதம் வேறு.

மல்லாந்து படுப்பவருக்கு இடைவெளி குறைவு. மெல்லிய தலையணை போதும். இரண்டு தலையணை போட்டுப் பழகியவர்களுக்கு மோவாய் நெஞ்சில் முட்டிக்கொண்டிருக்கும். இரவெல்லாம் புத்தகத்தைக் குனிந்து பார்ப்பது போன்ற நிலை அது. இவர்கள் மெல்லிய தலையணையின் உறைக்குள், கழுத்துக்குக் கீழே வரும்படி, ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்துப் பார்க்கலாம். காசு செலவில்லாத இந்த ஏற்பாட்டை இயன்முறை மருத்துவர்களே சொல்லித் தருகிறார்கள்.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள்பட்டை அகலம் முழுவதும் இடைவெளி. தலையணை உயரமாக, அமுக்கினால் எளிதில் தாழாததாக இருக்க வேண்டும். சுவரோரம் பக்கவாட்டில் நின்று, தோள் சுவரில் படும்படி வைத்து, சுவருக்கும் காதுக்கும் உள்ள தூரத்தை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். தலை வைத்து அமுங்கிய பிறகும் தலையணை கிட்டத்தட்ட அந்த உயரத்தில் நிற்க வேண்டும். அளவிலும் உடற்கட்டிலும் வேறுபட்ட கணவனும் மனைவியும் ஒரே மாதிரி ஜோடித் தலையணை வாங்கினால், ஒருவர் கழுத்தாவது வலிக்கத்தான் செய்யும்.

குப்புறப் படுப்பவருக்கு நல்ல தலையணை என்று ஒன்று இல்லை. மூச்சு விடுவதற்காகக் கழுத்தை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, மணிக்கணக்கில் அப்படியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வலி இருப்பவர் பழக்கத்தையே மாற்றுவதுதான் வழி.

இதில் படுக்கைக்கும் பங்கு உண்டு. கொல்கத்தாவின் பழைய வீடுகளில் 'தொக்தபோஷ்' என்ற பலகைக் கட்டில் இன்னும் இருக்கிறது. அதன் மேல் அழுத்தமான பஞ்சு மெத்தையைப் போட்டால் தோள் கொஞ்சமும் அமிழாது, சுவரில் அளந்த உயரம் முழுசாகத் தேவைப்படும். அதே ஆள் மெத்தென்ற ஃபோம் மெத்தைக்கு மாறினால் தோள் உள்ளே போய்விடும், பழைய தலையணை உயரமாகிவிடும். மெத்தை மாற்றிய மாதத்தில் கழுத்து வலி வந்தால் மெத்தையைத் திட்டுவோம். தலையணையைப் பார்க்க மாட்டோம்.

இனி பஞ்சுக்கு வருவோம். வங்காளத்தில் தலையணை என்றால் 'ஷிமுல் துலா'. ஷிமுல் நம் முள்ளிலவு. மாசி பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து, சிவப்புச் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரம். கோடையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சு இதன் ஒன்றுவிட்ட உறவு. இந்த இழை உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும், வெளியே மெழுகுப் பூச்சு இருக்கும். வழவழப்பாக இருப்பதால் தனியே நூலாக நூற்பது கடினம். ஆனால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரை எளிதில் ஏற்காது. கப்பல்களில் உயிர்காக்கும் மிதவை உடைகளுக்குள் ஒரு காலத்தில் இலவம் பஞ்சை அடைத்தது இதனால்தான். கொல்கத்தாவின் புழுக்கத்தில், வியர்த்த தலைக்குக் கீழே, சூடு ஏறாத தலையணை இது.

குறையும் உண்டு. நாள்பட அமுங்கும், நடுவில் குழி விழும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு அது கெடுதல். என்ன தலையணையில் தூங்கி எழுந்தால் கழுத்து வலிக்கிறது, எதில் வலிப்பதில்லை என்று ஆஸ்திரேலியாவில் சூசன் கார்டன் என்ற இயன்முறை மருத்துவரும் அவர் குழுவினரும் ஒருக்களித்துத் தூங்குகிறவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்டார்கள். அதில் மோசமாகத் தேறியது இறகுத் தலையணை. நன்றாகத் தேறியது ரப்பர் பாலில் செய்த லேடக்ஸ் தலையணை. கழுத்துக்கு மேடும் தலைக்குப் பள்ளமுமாக வடிவம் கொடுத்து, கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அந்த ஃபோம் தலையணை சாதாரண ஃபோம் தலையணையைவிட மேலானதாகத் தெரியவில்லை. இலவம் பஞ்சு அந்த ஆய்வில் இல்லை. ஆனால் இறகு தோற்றதற்கு அது உயரத்தைப் பிடித்து நிற்காததே காரணமென்றால், பழசாகிப் போன இலவம் பஞ்சுக்கும் அந்தப் பாடம் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இங்கேதான் துனுரியின் அருமை தெரிகிறது. கடையில் வாங்கும் ஃபோம் தலையணை தாழ்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பஞ்சுத் தலையணையில் தையலைப் பிரித்துக் கால் கிலோ சேர்க்கலாம், ஒரு கைப்பிடி எடுக்கலாம். என் தலையணையை முதல் மாதத்திலேயே திரும்பக் கொண்டுபோனேன். உயரம் சற்றுக் கூடிவிட்டது. பெரியவர் முகம் சுளிக்காமல் ஓரத்தைப் பிரித்து இரண்டு பிடி பஞ்சை எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தார். சட்டையைத் தையற்காரரிடம் கொண்டுபோய்ப் பிடித்து வாங்குவது போல. தலையணையும் தைத்துக்கொள்ள வேண்டிய பொருள்தான். எல்லோருக்கும் ஒரே உயரத்தில் செய்து அடுக்கி வைப்பது செய்கிறவருக்கு வசதி, கழுத்துக்கு அல்ல.

மெமரி ஃபோம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று உருவான பொருள் அது. உடல் சூட்டில் இளகி, தலையின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். குளிரில் விறைக்கும். குளிர்சாதன அறையில் தூங்குகிறவருக்கு நன்றாக இருக்கலாம். வைகாசி இரவில், மின்விசிறியை மட்டும் நம்பிப் படுக்கும் கொல்கத்தாக்காரருக்கு அது சுடும். வாங்குவதற்கு முன் உங்கள் படுக்கையறையின் வெப்பத்தையும் யோசியுங்கள்.

வங்காளிகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று 'கோல்பாலிஷ்'. மடித் தலையணை என்று அர்த்தம். உருளையாக, நீளமாக, கட்டிக்கொண்டு தூங்குவதற்கு. குழந்தையிலிருந்து தாத்தா வரை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். செல்லம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒருக்களித்துப் படுக்கும்போது மேல்கை முன்னால் சரிந்து தோளை இழுக்கும், தோள் கழுத்தை இழுக்கும், மேல்கால் சரிந்து இடுப்பைத் திருகும். கையும் காலும் ஒரு உருளைமேல் ஏறிக்கொண்டால் இந்த இழுப்பு நின்றுவிடுகிறது. குப்புறப் படுப்பதை விட முயல்கிறவர்களுக்கும் இது துணை. கர்ப்பிணிகளுக்கென்று இன்று பெரிய விலையில் விற்கும் தலையணைகள் செய்யும் வேலையை இது எப்போதோ செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் இதே ஊரில் 'பாத்‑கும்' என்ற ஒன்றும் இருக்கிறது. சோற்றுத் தூக்கம். மத்தியானம் மீனும் சோறும் சாப்பிட்டு ஒரு தூக்கம். அது தவறில்லை. அந்தத் தூக்கத்தைச் சோபாவின் கைப்பிடியில் தலைவைத்துப் போடுவதுதான் தவறு. இரவில் நல்ல தலையணை கொடுத்த நிம்மதியை ஒரு மணி நேரத்தில் அது பறித்துவிடும். பகலோ இரவோ, தலையணையில் படுங்கள்.

கைக்குழந்தைகள் பற்றி ஒரு வார்த்தை. தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகு அடைத்த சின்னத் தலையணை வைப்பது இங்கும் வழக்கம், நம் வீடுகளிலும் உண்டு. ஒரு வயது ஆகும்வரை எந்தத் தலையணையும் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. பாட்டிமார்கள் கோபிக்க வேண்டாம்.

கழுத்து பிடித்துக்கொண்டால் முடிதிருத்தகத்தில் சொடுக்கெடுத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். கொல்கத்தாவும் எண்ணெய் மாலிஷும் பிரிக்க முடியாதவை. இந்த ஊரைக் களமாகக் கொண்ட 'ப்யாசா' படத்தில் (1957) ஜானி வாக்கர் எண்ணெய்ப் புட்டியோடு திரிந்தது இன்றும் நினைவில் நிற்கிறது. தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது சுகம்தான். ஆனால் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கெடுப்பதை அனுமதிக்காதீர்கள். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருப்பதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

தலையணையால் ஆகாதவையும் உண்டு. மெட்ரோவில் ஏறினால் பெட்டி முழுக்கக் குனிந்த தலைகள். பகலெல்லாம் போனைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒற்றைத் தோளில் ஜோல்னாப் பையைச் சுமந்துவிட்டு, இரவில் தலையணை சரிசெய்யட்டும் என்றால் அது முடியாது. ஐம்பது வயதுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் வலியே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் கழுத்தெலும்பில் தேய்மானம் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து பட்டை மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் வலி கைக்கு இறங்கினால், விரல்கள் மரத்துப் போனால், சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினால், நடை தள்ளாடினால், விழுந்து அடிபட்ட பிறகோ காய்ச்சலோடோ வலி வந்தால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், தலையணைக் கடைக்குப் போகாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மற்றவர்கள் புதுத் தலையணைக்கு இரண்டு வாரம் கொடுங்கள். முதல் மூன்று நாள் எதுவும் அசௌகரியமாகத்தான் இருக்கும். பஞ்சுத் தலையணையானால் மாதம் ஒருமுறையாவது வெயிலில் போடுங்கள். ஈரம் போனால் இழை மறுபடி உப்பும், தூசிப் பூச்சிகளும் குறையும். மார்கழியில் கொல்கத்தாவின் மொட்டை மாடிகளில் கைப்பிடிச் சுவர் நெடுகத் தலையணைகள் வரிசையாகக் காய்வதைப் பார்க்கலாம்.

எங்கள் சந்தில் துனுரியின் நாண் ஒலி வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வந்தது. உங்கள் ஊரில் பஞ்சு கொட்டித் தைத்துத் தருகிறவர் ஒருவர் இன்னும் இருந்தால், அடுத்த தலையணையை அவரிடம் வாங்குங்கள். போகும்போது, சுவரோரம் நின்று அளந்த அந்த அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.