முழங்கால் ஆழத்தில் ஒரு பிரயாணம்

கடலைக் காணப் போகிறவர்களுள் பெரும்பாலோர் கரையிலே கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறவர்களே. எஞ்சிய சிலரோ இயந்திரப் படகில் ஏறி, அதன் இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் பேசுவதும் செவியில் விழாமல், டீசல் புகையைச் சுவாசித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சமுத்திரத்தையே கண்டுவிட்டதாகத் திருப்தியடைகிறார்கள். இவ்விரு சாராருக்கும் எட்டாத நீர்ப்பரப்பு ஒன்று நடுவே கிடக்கிறது: பெரிய படகு வந்தால் தரை தட்டும், இறங்கி நடக்கலாமென்றால் சேறு காலை விடாது. அந்தப் பரப்புக்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போன்ற வாகனம், காயாக் என்னும் துடுப்புப் படகு.

இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே பாக் வளைகுடாவின் கரையிலுள்ள காரங்காட்டில், வனத்துறையார் கிராமத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் படகுச் சவாரியோடு காயாக்கும் உண்டு. பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் வார்ப்பு அது. மேலே உட்காரும் ஜாதியானால், உள்ளே புகும் நீர் தானாக வடிந்து போக அடித்தளத்தில் துளைகள் இருக்கும். அரையடித் தண்ணீர் இருந்தால் ஆளைச் சுமந்து மிதக்கும். துடுப்பு ஏழடிக் கழி. இரு முனையிலும் அலகு. இதைக் கைப்பலத்தால் வலிக்க வேண்டுமென்று எண்ணிப் புறப்படும் திடகாத்திரர்கள் கால்மணி நேரத்தில் தோள் நொந்து போவதும், மெலிந்த சரீரமுடையவர்கள் மணிக்கணக்கில் அநாயாசமாகச் செல்வதும் அங்கே காணக்கூடிய காட்சி. பாதத்துக்கு நேரே அலகை முழுவதும் நீரில் அமிழ்த்தி, இடுப்பைத் திருப்பி, உடம்பின் சுழற்சியால் படகை முன்னே கொண்டுபோய், இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிடுவதே அதன் சூக்ஷ்மம். கை வெறும் கயிறுதான். இருவர் படகில் முன்னிருப்பவர் தாளம் வகுக்க, பின்னிருப்பவர் அதற்கிசைந்து வலித்துத் திசையையும் பார்த்துக்கொள்வார். தம்பதிகள் ஏறும்போது இந்தப் பொறுப்புப் பிரிவினை கரையிலேயே தீர்ந்துவிடுவது உசிதம்.

இத்தனை நிசப்தமான படகு நமக்கு வாய்த்தது ஆர்க்டிக் பிரதேசத்து இனுயிட் மக்களின் புண்ணியம். கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்து, அந்தக் கடல்நாயையே ஓசைப்படாமல் அணுகி வேட்டையாட அவர்கள் கண்ட யுக்தி அது. ஜான் மக்ரெகர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1865இல் அதன் சாயலில் ஒரு மரப்படகு செய்வித்து ஐரோப்பிய நதிகளில் உல்லாசமாகச் சுற்றிய பிறகே, ஜீவனோபாயமாக இருந்தது பொழுதுபோக்காகவும் ஆயிற்று. வேலையிழந்த ஜெர்மானியராகிய ஆஸ்கர் ஸ்பெக், 1932இல் மடக்குக் காயாக் ஒன்றில் டான்யூப் நதியில் இறங்கி, இந்தியக் கரையோரமாகவும் இலங்கை வழியாகவும் துடுப்பு வலித்து, 1939இல் ஆஸ்திரேலியாவின் வடகோடித் தீவுகளை எட்டியபோது, யுத்தம் மூண்டிருந்தபடியால் பகைநாட்டுப் பிரஜையென்று காவலில் வைக்கப்பட்டார். அத்தகைய சாகசம் நமக்கு வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்து நீரே போதும்.

காரங்காட்டுக் கால்வாய்க்குள் நுழைந்ததும் துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இருபுறமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து விரற்கனத்தில் மேல்நோக்கி நிற்கும் ஆயிரக்கணக்கான வேர்கள், காற்றுப் புகாத சேற்றுக்குள் கிடக்கும் பாகத்துக்குப் பிராணவாயு கொண்டுசெல்பவை. கைக்கெட்டும் இலையைப் பறிக்காமல் தடவிப் பார்த்தால் விரலில் உப்பு ஒட்டும். உறிஞ்சிய உப்பை மரம் இலைவழி வெளியேற்றும் விதம் அது. நீர் இறங்கும் வற்று நேரமானால், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டுவதையும், விரல் நீள மீன்கள் சேற்றின்மேல் தத்தித் தத்திச் செல்வதையும் பார்க்கலாம். இயந்திரப் படகின் இரைச்சலுக்கு இவையெல்லாம் வளைக்குள் மறைந்துவிடும்.

ஆனால் நீரையும் காற்றையும் அறியாமல் இந்த இன்பம் கிட்டாது. பாக் வளைகுடாவில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவே. எனினும் முழங்கால் ஆழத்தில் அது பெருந்தொகை. வற்றுக்கு முன் கால்வாய்க்குள் போய்ச் சொகுசாக இருந்தவர், படகு சேற்றில் அமர்ந்துவிட, நீர் ஏறும்வரை வெயிலில் தவமிருக்க நேரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் அதிகம். காற்றின் விஷயம் இன்னும் கவனத்துக்குரியது. மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயரும், நீரோட்டத்துக்கு நீவாடு என்ற பெயரும் வைத்திருப்பது அலங்காரத்துக்காக அன்று. மேற்கேயிருந்து கச்சான் வீசும்போது இந்தக் கிழக்குக் கரையோர நீர் சாந்தமாகவே தோன்றும். அலை எழுப்பப் போதிய தூரம் அங்கே காற்றுக்குக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அந்த அமைதியை நம்பி வெளியே போன இலேசான படகை அதே காற்று மேலும் மேலும் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே தெம்புள்ளபோது காற்றை எதிர்த்துப் போய், களைத்தபின் காற்றோடு திரும்புவது துடுப்புக்காரர் விதி. மிதவைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு மட்டும் அணிகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தலாகாது. அதுவே பெரிய மிதவை. குறுக்கே வயிற்றால் ஏறிக் கிடந்து, பிறகு திரும்பி அமர வேண்டும். ஆழமற்ற நீரில், கரையில் ஒருவர் நிற்க, இதை முதல் நாளே செய்து பழகிக்கொள்வது நல்லது.

வடக்கேயிருந்து வீசும் வாடைக் காலத்தில், அதாவது ஐப்பசி தொடங்கி மழை ஓயும்வரை, பாக் வளைகுடா கொந்தளிக்கும். அச்சமயம் இராமேசுவரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தெற்கேயிருந்து சோழகம் ஓங்கும் மாதங்களில் நிலைமை மாறி, தெற்கு சீறும், வடக்கு தணியும். அந்தத் தீவிலுள்ள பாம்பன்காரர்கள் படகை எந்தப் பக்கம் இறக்குவதென்று இதைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். வெளியூரிலிருந்து போகிறவர், விடுதிக்குச் சொல்லி வைப்பதற்கு முன்னால், அவர்களில் ஒருவரிடம் இன்றைக்கு என்ன காற்று என்று கேட்டுவிடலாம்.