ஆய்வுச் சுருக்கமும் போஸ்டரும்: பட்டறிந்த சில விடயங்கள்

எங்கள் ஊர்த் தாலாட்டுப் பாடல்களைப் பற்றி ஆய்வரங்கு ஒன்றுக்கு நான் முதன்முதலில் அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் நிராகரிக்கப்பட்டது. மதிப்பீட்டாளர் எழுதியிருந்தது ஒரே ஒரு கேள்விதான்: "ஆய்வாளர் கண்டறிந்தது என்ன?" தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவனிடம் இப்படியும் கேட்பதா என்று கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்து வாசித்தேன். 250 சொற்களில் முக்கால்வாசி நாட்டார் இலக்கியத்தின் பெருமை. மிச்சமெல்லாம் 'ஆராயப்படும்', 'எடுத்துக்காட்டப்படும்' என்று எதிர்காலத்தில் ஓடியது. கண்டறிந்தது ஒரு வரிகூட இல்லை.

இது நம்மவர் பலரும் விடும் பிழை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய கை, ஆய்வுச் சுருக்கத்தையும் முன்னுரையாகவே எழுதிவிடுகிறது. ஆனால் அது முழு ஆய்வின் சின்ன வடிவம். பிரச்சினை என்ன, எப்படிச் செய்தேன், என்ன கிடைத்தது, அதனால் என்ன? இந்த நான்கும் அதற்குள் வர வேண்டும். பின்னணிக்கு இரண்டு வசனம் போதும். பாதி இடம் முடிவுகளுக்கு. அடுத்த முறை நான் இப்படி எழுதினேன்: "தாயும் மகளும் பாடிய ஒரே தாலாட்டை ஒப்பிட்டபோது, அல்லாஹ்வையும் நபிமாரையும் சொல்லும் அடிகள் மகளிடமும் அப்படியே இருந்தன, வயலும் களப்பும் மீனும் வரும் அடிகள் பெரும்பாலும் விடுபட்டிருந்தன." மதிப்பீட்டாளருக்கு வேண்டியிருந்தது இதுதான்.

சொல்லெண்ணிக்கையிலும் ஒரு சிக்கல். 'பாடல்களில்' என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று சொல்லாகும். தமிழில் 250 சொல்லுக்குள் அடக்கியதை அப்படியே மொழிபெயர்த்தால் எல்லை தாண்டிவிடும். இரண்டு மொழியிலும் கேட்டிருந்தால் ஆங்கிலத்தைத் தனியாக எழுதுங்கள். இன்னொன்று, பாமினியில் தட்டச்சுச் செய்யாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தமிழ் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத்தான் தெரியும். யுனிகோட்டே பாதுகாப்பு. அச்சகத்துக்குக் கொடுக்கும்போதும் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்.

போஸ்டர் வேறு சங்கதி. ஏ0 தாள் என்றால் 84.1 சென்ரிமீற்றருக்கு 118.9 சென்ரிமீற்றர். இவ்வளவு இடம் இருக்கிறதே என்று கட்டுரையையே ஒட்டிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பார்ப்பவர் கையில் தேநீரோடு நடந்துகொண்டிருக்கிறார். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று வாசிக்க வேண்டும். 2019இல் மைக் மொரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் ஒரு மாதிரியை முன்வைத்தார்: முக்கிய முடிவை எளிய வசனமாக நடுவில் பெரிதாகப் போடு, விவரங்களை ஓரங்களுக்குத் தள்ளு, முழுக் கட்டுரைக்கு ஒரு கியூஆர் குறி வை. நடு வசனம் மிகைப்படுத்திவிடும் என்று குறை சொல்வாரும் உண்டு. நமது ஆய்வுகளுக்கு அது பொருந்தும் என்பதே என் எண்ணம். தமிழெழுத்துக்கு மட்டும் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் விசிறியும் ஒன்றோடொன்று முட்டும்.

என் போஸ்டரின் நடுவில் வைக்க ஒரு படம் தேடினேன். பாடித் தந்த உம்மம்மாக்களுள் மூத்தவரிடம் முன்பே கேட்டிருந்தேன். "படம் வேணாம் மகன், பாட்டக் கொண்டு போ" என்றார். குரலை எல்லாரும் கேட்கலாமா என்றும் கேட்டேன். தலையை ஆட்டினார். ஆய்வரங்குக்கு முன்பே அவர் மௌத்தாகிவிட்டார். மகனிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, படத்துக்குரிய இடத்தில் கியூஆர் குறியை வைத்தேன். அன்று பின்னேரம் ஒரு மாணவி கைத்தொலைபேசியைக் காதில் வைத்து, களப்பு வருகிற அந்த அடியை மூன்று தரம் கேட்டாள்.