மதனப்பள்ளியில் ஒரு புதன்கிழமை

ஆந்திரத்தின் சிறிய ஊர்க் கல்லூரியில் வாரந்தோறும் நடந்த பாட்டுக் கூட்டம் தேசிய கீதத்தின் வரலாற்றில் இடம்பிடித்த கதை

இந்தியாவில் எந்தக் கல்லூரி விழாவானாலும் முடிவது ஒரே பாட்டில்தான். நாற்காலிகள் நகரும் சத்தம், பிறகு 52 விநாடிகள் ஜன கண மன. அது தேசிய கீதமாக அறிவிக்கப்பட்டது 1950 ஜனவரி 24இல். அதற்கு ஏறக்குறைய 31 ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தன் பாட்டாக ஏற்றுக்கொண்ட கல்லூரி ஒன்று உண்டு: மதனப்பள்ளியின் பெசன்ட் தியசாபிகல் கல்லூரி.

திருப்பதியிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மேற்கே, கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது மதனப்பள்ளி. 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்தது இங்கேதான். 1915இல் அன்னி பெசன்ட் கல்லூரி தொடங்கியபோது இது சென்னை மாகாணத்தின் ஒரு மூலை.

மூலையாக இருந்தாலும் அங்கே வந்து சேர்ந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் பெல்ஃபாஸ்டில் பிறந்த ஐரிஷ் கவிஞர். 1915இல் இந்தியா வந்து, பெசன்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் சேர்ந்தார். 1916இல் டப்ளினில் வெடித்த ஈஸ்டர் எழுச்சியை ஆதரித்து எழுதியதால் வேலை போயிற்று. மதனப்பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அவருடைய ஆங்கில இலக்கிய நூல் ஒன்றுக்கு மதிப்புரையாகத் தொடங்கியதுதான், புதுச்சேரியிலிருந்து அரவிந்தர் எழுதிய 'எதிர்காலக் கவிதை' என்ற நீண்ட கட்டுரைத் தொடர்.

மனைவி மார்கரெட் டப்ளினில் முறையாக இசை பயின்றவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அயர்லாந்தில் போராடிச் சிறை சென்றவர். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர்.

இவர்களுடைய கல்லூரியில் புதன்கிழமை இரவு என்றால் பாட்டு. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி உட்கார்ந்து தெரிந்ததைப் பாடுவார்கள்.

1919 பிப்ரவரி இறுதியில் கசின்ஸின் அழைப்பை ஏற்று ரவீந்திரநாத் தாகூர் மதனப்பள்ளி வந்தார். நோபல் பரிசு பெற்று ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. தென்னிந்தியச் சுற்றுப்பயணத்துக்கு நடுவே ஓய்வுக்காக வந்தவர், பிப்ரவரி 26, புதன்கிழமை இரவு, அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார். தன் பாட்டு ஒன்றைப் பாடட்டுமா என்று கேட்டார், பாடினார்.

அந்த இரவைப் பற்றிக் கசின்ஸ் பிற்பாடு எழுதியதில் நாடகத்தனம் இல்லை. முதல் அடிகள் மலைகளும் நதிகளும் மாகாணங்களுமாக அவருக்குப் பூகோளப் பாடம் போலத்தான் பட்டன. ஆனால் பல்லவி வந்ததும் கூட்டம் நிமிர்ந்தது. திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாணவர்கள் எல்லோரும் 'ஜய ஹே' என்று சேர்ந்துகொண்டார்கள். வங்காளி தெரியாதவர்கள் நிறைந்த கூட்டம் அது. அவர்களுக்கு அர்த்தம் சொல்வதற்காகத் தாகூரே அதை ஆங்கிலத்தில் எழுதினார். தலைப்பு: இந்தியாவின் காலைப் பாட்டு. அவருடைய கையெழுத்துப் பிரதியில் இருக்கும் தேதி 1919 பிப்ரவரி 28. பிறகு அது கல்லூரியின் அன்றாடப் பாட்டாயிற்று.

மார்கரெட்டின் பங்கு இங்கேதான் வருகிறது. தாகூர் பாடிய மெட்டைக் கேட்டு அவர் ஸ்வரப்படுத்தினார். தேசிய கீதத்துக்கு இசையமைக்கப்பட்டதே மதனப்பள்ளியில்தான் என்று சொல்லப்படுவதுண்டு. அது கொஞ்சம் கூடுதல். 1911 டிசம்பர் 27இல் கல்கத்தா காங்கிரசிலேயே இது பாடப்பட்டுவிட்டது, மெட்டும் தாகூருடையது. மேலைநாட்டு வாத்தியங்களுக்கு ஏற்ற வடிவங்களைப் பிற்காலத்தில் வேறு பலரும் அமைத்தார்கள். மதனப்பள்ளியின் உண்மையான பங்கு வேறு. வங்காளத்துக்கு வெளியே, மொழி புரியாத ஒரு கூட்டம் இதைத் தன் பாட்டாகப் பாட முடியும் என்பது அங்கே தெரிந்தது.

அந்த ஆங்கில வடிவம் ஒரு பழைய வழக்கிலும் சாட்சி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் புகழ்ந்து எழுதிய பாட்டு இது என்ற குற்றச்சாட்டு இன்றும் அடங்கியபாடில்லை. 1911 டிசம்பரில் மன்னர் இந்தியாவில் இருந்தார். பாட்டும் அதே மாதம் அரங்கேறியது. சில ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் குழப்பிச் செய்தி போட்டன. ஆனால் பாட்டுக்கு ஐந்து சரணங்கள். தேசிய கீதமானது முதல் சரணம் மட்டுமே. நான்காவதில் பாரதத்தின் விதியை நடத்துபவரைத் தாகூர் தாயாக விளிக்கிறார். அந்தத் தாய்மையை ஆங்கிலத்திலும் அவர் மறைக்கவில்லை. மீசை வைத்த ஜார்ஜ் மன்னரை எவரும் தாயே என்று அழைத்திருக்க முடியாது. 1937இல் தாகூரே எழுத்து மூலம் குற்றச்சாட்டை மறுத்தார்.

மதனப்பள்ளி இரவுக்கு ஏழு வாரம்கூட ஆகாத நிலையில், ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கிகள் வெடித்தன. மே மாத இறுதியில் தாகூர் தன் சர் பட்டத்தை வேண்டாமென்று வைஸ்ராய்க்கு எழுதினார்.

கசின்ஸ் அந்தப் பாட்டை விடவில்லை. 1937இல் எது தேசிய கீதம் என்ற சர்ச்சை எழுந்தபோது, ஜன கண மனவை அதிகாரபூர்வமாக ஏற்கவேண்டும் என்று பகிரங்கமாக வாதாடினார். 1950இல் அது நிறைவேறியதைப் பார்த்த பிறகே இருவரும் மறைந்தார்கள் - மார்கரெட் 1954இல், கசின்ஸ் 1956இல் மதனப்பள்ளியில்.

இன்றைக்குக் கல்லூரிக் கலைவிழா என்றால் விளம்பரதாரர், நடுவர், கோப்பை, ஒலிபெருக்கி. மதனப்பள்ளியில் அன்று இருந்ததெல்லாம் வாரத்தில் ஓர் இரவும் சேர்ந்து பாட விருப்பமுள்ள சில மாணவர்களும்தான். விருந்தாளி பாடியதைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்திருந்தால் அது இன்னொரு கச்சேரியாகப் போயிருக்கும். இன்னொரு தரம் பாடுங்கள் என்று கேட்டு, அவர்கள் கூடவே பாடினார்கள். அந்த வழக்கத்துக்கு எந்தக் கல்லூரியிலும் தனி நிதி ஒதுக்க வேண்டியதில்லை.