கம்பித்திரைக்குள் ஒரு குளிர்கால டென்னிஸ்

பிளாட்ஃபார்ம் டென்னிஸ் என்பது, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மேடையொன்றின்மீது, சுற்றிலும் 12 அடி உயரத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பித்திரைக்குள், பெரும்பாலும் அணிக்கு இருவராக நால்வர் சேர்ந்து, குளிர்காலத்தில் திறந்த வெளியில் ஆடும் விளையாட்டாகும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், சிகாகோ, கிளீவ்லாந்து, டெட்ராய்ட் போன்ற பேரேரிப் பகுதி நகரங்களிலும் உள்ள டென்னிஸ் மன்றங்களில் இது வேரூன்றியிருக்கிறது. இலையுதிர்காலம் முடிந்ததும் டென்னிஸ் களங்களின் வலைகள் அவிழ்க்கப்பட்டு, மன்ற உறுப்பினர்கள் வசந்தம் வரும்வரை கலைந்துபோகும் ஊர்களில், அந்த இடைவெளியை நிரப்பியதே இவ்விளையாட்டின் முதல் சாதனை. டென்னிஸின் வலையையும் புள்ளிக்கணக்கையும் எடுத்துக்கொண்ட இது, டென்னிஸில் புள்ளி முடிந்துவிடும் இடத்தில், அதாவது பந்து ஆட்டக்காரரைத் தாண்டிப் பின்னால் சென்றுவிட்ட கணத்தில், தன் சொந்த வழியில் செல்லத் தொடங்குகிறது. டென்னிஸ் பழகியவர்கள் முதல் நாளிலேயே கணக்கைப் பிழையின்றிச் சொல்லிவிடுவார்கள். பின்னால் போன பந்தைப் போனதென்று விட்டுவிடாமலிருக்கப் பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

இவ்விளையாட்டு பிறந்தது 1928இல், நியூயார்க் நகருக்கு வடக்கேயுள்ள ஸ்கார்ஸ்டேல் என்ற ஊரில். ஃபெஸெண்டன் பிளான்சார்டு, ஜேம்ஸ் காக்ஸ்வெல் என்ற நண்பர்கள் இருவர், குளிர்காலத்திலும் வெளியில் ஆடக்கூடிய ஏதேனும் ஒரு விளையாட்டு வேண்டுமென்று விரும்பி, காக்ஸ்வெல்லின் வீட்டு நிலத்தில் ஒரு களம் அமைக்க முற்பட்டனர். நிலமோ பாறைகள் நிறைந்த சரிவாக இருந்தது. அதைச் சமன்செய்வதைவிட, அதன்மேல் மரப்பலகைகளால் மேடை அடிப்பதே எளிதென்று அவர்கள் கண்டனர். முதலில் பூப்பந்தாட்டத்தை அம்மேடையில் ஆடிப் பார்த்தபோது, இறகுப்பந்தைக் காற்று அடித்துச் சென்றதால் அது ஒத்துவரவில்லை. அதன் பிறகு, நியூயார்க் நகரச் சிறுவர்களுக்காக ஃபிராங்க் பீல் என்பவர் பரப்பியிருந்த பேடில் டென்னிஸ் ஆட்டத்தின் குட்டையான மரமட்டைகளையும் ரப்பர்ப் பந்துகளையும் வாங்கிவந்து ஆடத் தொடங்கினர். மேடை உயரத்தில் இருந்ததால் பந்து அடிக்கடி கீழே உருண்டு சரிவிலும் பனியிலும் காணாமற்போயிற்று. அதைத் தடுப்பதற்காகவே, கோழிக்கூண்டுகளுக்குப் பயன்படுத்தும் அறுகோணக் கண்களையுடைய கம்பிவலையை மேடையைச் சுற்றிக் கட்டினார்கள். அவ்வாறு கட்டப்பட்ட வேலியில் மோதித் திரும்பும் பந்தையும் ஆடலாம் என்ற விதி சேர்ந்தபோதுதான், சிறிய களத்தில் ஆடும் டென்னிஸ் என்ற நிலையிலிருந்து அது தனியொரு விளையாட்டாக மாறியது. பாறையும் சரிவும் பனியும் ஆகிய இடையூறுகள் ஒவ்வொன்றும் ஆட்டத்தின் ஒவ்வோர் உறுப்பாக நிலைத்துவிட்டதை எண்ணிப் பார்த்தால், விளையாட்டுகளின் வரலாற்றில் இதைப்போல் நிலமும் பருவமும் நேரடியாக விதி வகுத்துக்கொடுத்த ஆட்டங்கள் சிலவே என்று சொல்லலாம்.

ஒரு வீட்டு முற்றத்தோடு முடிந்திருக்கக்கூடிய இம்முயற்சிக்கு நிலைபேறு அளித்தது அவ்வூரின் டென்னிஸ் மன்றமே. ஸ்கார்ஸ்டேலின் ஃபாக்ஸ் மெடோ டென்னிஸ் மன்றம் 1931இல் தன் வளாகத்தில் இதற்கான மேடையை அமைத்து, இதை ஏற்ற முதல் மன்றமாயிற்று. 1934இல் அமெரிக்கச் சங்கமொன்று தோன்றி விதிகளை ஒழுங்குபடுத்தியது. 1935இல் முதல் தேசியப் போட்டி நடைபெற்றது. தொடக்கத்தில் பேடில் டென்னிஸ் சங்கம் என்றே பெயர் கொண்டிருந்த அவ்வமைப்பு, நகரத் தெருக்களில் மேடையும் திரையும் இல்லாமல் ஆடப்பட்ட மூல ஆட்டத்திலிருந்து தன்னை வேறுபடுத்திக்கொள்ளப் பிற்காலத்தில் பிளாட்ஃபார்ம் டென்னிஸ் சங்கம் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆயினும் ஆடுபவர்களின் பேச்சில் அது இன்றும் பேடில்தான். இதனோடு, 1969இல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா உருவாக்கி, ஸ்பெயின் வழியாக உலகெங்கும் பரவிய பேடல் என்ற ஆட்டத்தைப் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. பேடலில் களத்தைச் சூழ்வது பெரும்பாலும் கண்ணாடிச் சுவர்; பந்தும் காற்றடைத்த டென்னிஸ் பந்தைப் போன்றது; அது வெப்பநாடுகளில் வளர்ந்த ஆட்டம்.

மேடையின் அளவுகளை அறிந்தால் ஆட்டத்தின் போக்கும் பாதி விளங்கிவிடும். மேடை 60 அடி நீளமும் 30 அடி அகலமும் உடையது. அதன் நடுவே கோடுகளால் குறிக்கப்படும் ஆடுகளம் 44 அடிக்கு 20 அடி. ஆகவே பேஸ்லைன் எனப்படும் பின்கோட்டுக்கும் பின்திரைக்கும் இடையே 8 அடியும், பக்கக்கோட்டுக்கும் பக்கத்திரைக்கும் இடையே 5 அடியும் மட்டுமே எஞ்சுகின்றன. இந்தக் குறுகிய விளிம்பில்தான் ஆட்டத்தின் பெரும் நாடகம் நிகழ்கிறது. வலையின் உயரம் நடுவில் 34 அங்குலம், கம்பங்களருகே 37 அங்குலம்; டென்னிஸ் வலை நடுவில் 36 அங்குலம் என்பதால், இது இரண்டு அங்குலம் தாழ்ந்தது. சர்வீஸ் கோடு வலையிலிருந்து 12 அடி தொலைவில் வரையப்படுகிறது. இரட்டையர் டென்னிஸ் களத்தின் கோடுகளுக்குள் அடங்கும் பரப்பு 2,808 சதுர அடியாக இருக்க, இங்கோ அது 880 சதுர அடிதான். நால்வர் இவ்வளவு சிறிய இடத்தில் நிற்கும்போது, ஓட்டத்தின் வேகத்தைவிட நின்ற இடத்தில் உடலைத் திருப்பும் விரைவும், பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே உணரும் கண்ணும் பெரிதாகிவிடுகின்றன.

தொடக்ககால மேடைகள் மரத்தாலானவை. பலகைகளின்மேல் வண்ணத்தோடு மணலைக் கலந்து பூசிச் சொரசொரப்பாக்கினார்கள். இன்று பெரும்பாலானவை அலுமினியப் பலகைகளால் ஆனவை. அவற்றின்மேலும் சொரசொரப்பான துகள்கள் கலந்த பூச்சு உண்டு. அப்பூச்சு காலணியின் அடிப்பகுதியை வேகமாகத் தேய்த்துவிடுமாயினும், ஈரமான உலோகத்தின்மேல் வழுக்காமல் நிற்க அதைத் தவிர வழியில்லை. மேடை தூண்களின்மேல் நிற்பதன் பயன் பனிக்காலத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. உருகிய நீர் பலகைகளின் இடுக்குகள் வழியே கீழே வடிந்துவிடுகிறது. மேடையின் அடிப்பக்கத்தைச் சுற்றித் தட்டி அடைத்து, உள்ளே எரிவாயு வெப்பமூட்டிகளை வைத்து இயக்கினால், பலகைகள் அடியிலிருந்து சூடேறி மேலேயுள்ள பனி உருகுகிறது. வெப்பமூட்டிகள் வராத காலத்தில் மண்வாரியால் பனியை வாரித் தள்ளுவார்கள். அதற்கென்றே திரையின் அடிப்பகுதியில் கீல் வைத்த பலகைகளைப் பொருத்தி, வேண்டும்போது திறந்துகொண்டார்கள். இரண்டு அடி பனி விழுந்த மறுநாளும் ஆட்டம் நடப்பது இந்த எளிய பொறியியலால்தான். இவ்விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் மட்டையையும் பந்தையும் வியக்கும் அளவுக்கு மேடையின் அடிப்பக்கத்தை வியப்பதில்லை என்பது ஒரு குறையே.

பந்தும் குளிருக்கேற்றது. டென்னிஸ் பந்து உள்ளீடற்ற ரப்பர் உறை. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமே அதைத் துள்ளச் செய்கிறது, அவ்வழுத்தம் குளிரில் குறைந்துவிடும். பிளாட்ஃபார்ம் டென்னிஸின் பந்து ஏறத்தாழ அதே பருமனுடையது எனினும், உள்ளே வெற்றிடம் இல்லாமல் நுரை ரப்பரால் நிறைந்தது. மேற்பரப்பில் மெல்லிய இழைப்பூச்சு இருக்கும். குளிர் மிகும்போது ரப்பரின் மீள்திறனும் குறைவதால் இப்பந்தும் சற்று மந்தமாகவே துள்ளும். அதனால் ஒரே பந்து, உறைநிலைக்குக் கீழே சென்ற இரவில் தாழ்ந்து மெதுவாகவும், இதமான பிற்பகலில் துள்ளலாகவும் நடந்துகொள்கிறது. அனுபவமிக்க ஆட்டக்காரர்கள் வெப்பநிலையைக் கேட்டறிந்தே தங்கள் ஆட்டத்தை வகுத்துக்கொள்வார்கள். மட்டைக்கு நரம்புகள் கிடையாது. துளைகள் இடப்பட்ட திண்மையான முகமும் குட்டையான கைப்பிடியும் உண்டு. துளைகள் காற்றுத் தடையைக் குறைக்கின்றன. முன்பு உலோக விளிம்பிட்ட மரமட்டைகள் வழங்கின. இப்போது நுரைக் கருவின்மேல் கிராஃபைட் போன்ற இழைத்தாள்கள் ஒட்டிய மட்டைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. பந்தைச் சுழற்றிவிடுவதற்காக முகத்தின்மேல் சொரசொரப்பு தரப்படுகிறது.

விதிகளில் டென்னிஸிலிருந்து மாறுபடுபவை சிலவே. 15, 30, 40 என்ற கணக்கும், ஆறு கேம்கள் கொண்ட செட்டும், ஆறுக்கு ஆறு என்ற நிலையில் டைபிரேக்கும் அப்படியே உள்ளன. ஆனால் சர்வீஸ் போட ஒரே வாய்ப்புத்தான். முதல் பந்து தவறினால் இரண்டாவது பந்து இல்லை, புள்ளி எதிரணிக்கு. வலையை உரசிச் சரியான கட்டத்தில் விழும் சர்வீஸும் செல்லும். இந்த ஒற்றை வாய்ப்பு, டென்னிஸில் சர்வீஸுக்கு உள்ள அதிகாரத்தைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. வன்மையாக அடித்து நேரே புள்ளி வெல்லலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லாததால், சர்வீஸ் என்பது பந்தை நன்கு ஆழமாக விழச்செய்து, போட்டவர் வலையருகே சென்று தம் இணையோடு நிற்பதற்கு நேரம் தேடித்தரும் அடியாக அமைகிறது.

எஞ்சிய பெரிய வேறுபாடு திரையே. பந்து முதலில் எதிரணியின் களத்தில், கோட்டுக்குள் தரையைத் தொட வேண்டும். அதன்பின் அது பின்திரையிலோ பக்கத்திரையிலோ, மூலையில் இரண்டிலுமோ மோதினாலும், இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குமுன் அடித்துத் திருப்பிவிடலாம். தரையைத் தொடாமல் நேரே திரையில் பட்டால் பந்து வெளியே சென்றதாகும். கேரம் பலகையின் சட்டத்தில் மோதித் திரும்பும் காயைக் கணிப்பவர்களுக்கு இதன் வடிவியல் ஓரளவு பிடிபடும். ஆனால் மரச்சட்டத்தைப் போலன்றிக் கம்பித்திரை வளைந்துகொடுப்பது. மோதும் பந்தின் ஆற்றலில் ஒரு பகுதியைத் திரை விழுங்கிக்கொள்வதால், பந்து வந்த வேகத்தில் திரும்புவதில்லை. மெதுவாக வந்து தாழ்வாக மோதிய பந்து திரையின் காலடியிலேயே சோர்ந்து விழுகிறது. வேகமாக வந்து உயரத்தில் மோதிய பந்தோ களத்தின் நடுப்பகுதிவரை திரும்பி, தடுப்பவர் நின்று நிதானித்து அடிக்க ஏற்றதாக வந்து சேர்கிறது. கம்பி எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும், பந்து திரையின் நடுவில் பட்டதா சட்டத்தின் அருகே பட்டதா என்பதும் இக்கணக்கை மாற்றும். எனவே திரையாட்டத்தில் தேர்ந்தவர், பந்து தம்மைக் கடக்கும்போதே அதோடு சேர்ந்து திரும்பி, முழங்கால்களை மடக்கி, மட்டையைப் பந்துக்குக் கீழே தாழ்த்தி வைத்துக்கொண்டு, அது திரையிலிருந்து இறங்கும்வரை பொறுத்திருப்பார். திரையோடு போட்டியிட்டு அவசரமாக அடிப்பவரின் மட்டையில் பந்து படுவதில்லை, பட்டாலும் வலையைத் தாண்டுவதில்லை.

இதிலிருந்து ஒரு விந்தையான விளைவு பிறக்கிறது: வன்மை தன்னையே தோற்கடித்துக்கொள்கிறது. டென்னிஸில் தலைக்குமேல் வரும் உயரப்பந்தை ஓங்கி அடித்தால் புள்ளி முடிந்தது. இங்கே அவ்வாறு அடித்த பந்து பின்திரையில் மோதி எதிரிக்கே நல்வாய்ப்பாகத் திரும்புகிறது. ஆகையால் பின்னால் நிற்கும் அணி, லாப் எனப்படும் உயரப்பந்துகளை மீண்டும் மீண்டும் தூக்கி அனுப்புகிறது. வலையருகே நிற்கும் அணி அவற்றை ஓங்கி அறையாமல், சுழற்சியோடு மூலைக்குத் தள்ளி, இரண்டு திரைகளுக்கிடையே பந்து சோர்ந்து விழும் தருணத்துக்காகக் காத்திருக்கிறது. ஒரு புள்ளிக்கு முப்பது நாற்பது அடிகள் நீள்வது இங்கே அரிதன்று. பொறுமைக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் மட்டை விளையாட்டைக் காண்பது எளிதல்ல. அறுபது வயதைக் கடந்த இணையொன்று, உடல் வலிமையில் மிக்க இளைஞர்களைச் சோர்வடையச் செய்து வெல்வதற்கு இவ்வியல்பே காரணம். இதைத் தற்காப்பு ஆட்டம் என்று மட்டும் கருதுவதும் தவறாகும். எதிரணியின் பந்து வலையருகே மேலெழும்பி நிற்கும் நொடியில், பின்னால் இருந்த இருவரும் திடீரென முன்னேறி வலையைக் கைப்பற்றும் உத்தியும் உண்டு. அது எப்போது பாயும் என்று தெரியாததால்தான் வலையருகே நிற்பவர்களின் ஒவ்வோர் அடியும் கவனமாகிறது.

டென்னிஸிலிருந்து வருபவர்கள் கைவிட வேண்டியவை இரண்டு. ஒன்று, மட்டையைப் பின்னால் நீளமாக இழுத்து வீசும் பழக்கம். களம் சிறியதாதலால் அதற்கு நேரமும் இல்லை, திரையருகே இடமும் இல்லை. மற்றொன்று, புள்ளியை விரைவில் முடித்துவிட வேண்டுமென்ற தவிப்பு. வலையருகே பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்கும் வாலி ஆட்டத்தில் பயின்றவர்கள் விரைவில் தேறுகிறார்கள்.

மன்றமொன்று இதைத் தன் வளாகத்தில் சேர்க்க எண்ணும்போது முதலில் எழுவது இடக்கணக்கு. ஓடுவதற்கான சுற்றிடத்தோடு ஒரு டென்னிஸ் களத்துக்கு வழக்கமாக ஒதுக்கும் 120 அடிக்கு 60 அடி நிலம் 7,200 சதுர அடி. ஒரு மேடை 1,800 சதுர அடி, அதாவது அதில் சரியாக நான்கில் ஒரு பங்கு. நடைவழிகளுக்கு இடம் விட வேண்டியிருந்தாலும், சமன்செய்ய முடியாததால் பயனின்றிக் கிடக்கும் சரிவான மூலைநிலமே இதற்குப் போதும் என்பது சிறிய மன்றங்களுக்குப் பெரும் ஆறுதல். குளிர்கால மாலைகள் விரைவில் இருண்டுவிடுவதால் விளக்குகள் இன்றியமையாதவை. அவற்றின் ஒளியும் திண்ம மட்டையில் பந்து மோதும் ஓசையும் அண்டை வீடுகளை எட்டும் என்பதால், மேடையை எத்திசையில், எவ்வளவு தொலைவில் அமைப்பது என்பதை அயலாரோடு முன்கூட்டியே பேசித் தீர்மானிப்பது நல்லது. வெப்பமூட்டிகளின் எரிவாயுச் செலவு ஆண்டுதோறும் தொடர்வது. கம்பித்திரையும் காலப்போக்கில் தளரும், அதை அவ்வப்போது இறுக்காவிட்டால் திரையாட்டமே கெட்டுவிடும்.

மேடைகளை ஒன்றாக அமைக்காமல் இரண்டாகவோ நான்காகவோ அமைக்கும் மன்றங்களே இவ்விளையாட்டை நிலைநிறுத்தியிருக்கின்றன. மன்றங்களுக்கிடையேயான போட்டிகள் பல இணைகள் ஒரே மாலையில் தனித்தனி மேடைகளில் மோதும் முறையில் நடப்பதும், ஆடி முடித்தவர்கள் மேடைகளையொட்டிய சிறு குடிலில் குளிர்காய்ந்தபடி மற்றவர்களின் ஆட்டத்தைச் சன்னல் வழியே பார்த்திருப்பதும் இதன் வழக்கமாதலால், மேடைக்கான திட்டத்தோடு அந்தக் குடிலுக்கான திட்டத்தையும் சேர்த்தே வரைவது அங்குள்ள மன்றங்களின் நடைமுறை.