கரண்ட் போனாலும் மறக்காத மெமரி வருமா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சேவ் செய்வதற்குள் கரண்ட் போய்விட்டால், டைப் செய்தது ஏன் மறைந்துவிடுகிறது?"

நீங்கள் டைப் செய்வது முதலில் ராம் மெமரியில்தான் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் உண்டு. அதில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். கரண்ட் நின்றால் எல்லாம் காலி! ஹார்டு டிஸ்க்கில் தகவல் காந்தமாகப் பதிகிறது. கரண்ட் போனாலும் அழியாது. ஆனால் அதில் எழுத, கம்பிச் சுருளில் மின்னோட்டம் செலுத்திக் காந்தப்புலம் உண்டாக்க வேண்டும். அதற்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

வெறும் மின்னழுத்தம் கொடுத்தே காந்தத்தைத் திருப்ப முடிந்தால்? அதற்கு உதவும் பொருள்தான் மல்டிஃபெர்ராயிக்.

இரண்டு செராமிக்குகள்

மானிட்டர் கேபிளின் முனையருகே உருண்டையாக ஒரு குமிழ் இருக்கிறதா? அதற்குள் இருப்பது ஃபெர்ரைட் என்னும் காந்த செராமிக். கேபிள் வழியே வரும் மின்னிரைச்சலைத் தடுப்பது அதன் வேலை. மதர்போர்டில் எள் அளவில் பழுப்பாகத் தெரியும் கெப்பாசிட்டர்கள் பலவற்றில் இருப்பது பேரியம் டைட்டனேட். இது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்னூட்டத்தைச் சேர்த்து வைப்பதில் கெட்டி. இந்த டைஎலக்ட்ரிக் திறன் காற்றைவிட இதற்கு ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இரண்டு குணமும் சேர்ந்த ஒரே பொருள் கிடைப்பது அரிது. எனவே 1970களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பேரியம் டைட்டனேட்டையும் கோபால்ட் ஃபெர்ரைட்டையும் சேர்த்து ஒரு கலவை செய்தார்கள்.

எப்படி வேலை செய்கிறது? தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் காலை நேரக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அசைந்தால் பக்கத்தில் நிற்பவர் நசுங்குகிறார் அல்லவா? மின்னழுத்தம் கொடுத்தால் டைட்டனேட் துளி நீளும். ஒட்டியிருக்கும் ஃபெர்ரைட் அழுத்தப்படும். அதன் காந்தம் மாறும். காந்தப்புலம் கொடுத்தால் இதே கதை தலைகீழாக நடக்கும்.

கலவையில் உள்ள சிக்கல்

இரண்டு பொடிகளையும் அரைத்து, வில்லையாக அழுத்தி, 1000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சுடுவது வழக்கமான முறை. ஃபெர்ரைட் கூடினால் காந்தம் கூடும்; ஆனால் டைட்டனேட்டைவிட அது மின்சாரத்தை அதிகம் கடத்துவதால் மின்கசிவும் கூடும். எந்த விகிதத்தில் இரண்டும் ஒத்துப்போகும் என்று தேடுவதே ஆராய்ச்சியாளர்களின் பெரும் வேலை.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்ற ராமமூர்த்தி ரமேஷின் ஆய்வுக் குழு, 2003ல் பிஸ்மத் ஃபெர்ரைட் மென்படலத்தில் மின், காந்தக் குணங்களைச் சேர்த்துக் காட்டியது. 2004ல் பேரியம் டைட்டனேட்டுக்குள் கோபால்ட் ஃெபர்ரைட் நானோ தூண்களை வளர்த்தது. இன்டெல் ஆய்வாளர்கள் அவருடன் சேர்ந்து 2018ல் வெளியிட்ட கட்டுரை, இவ்வகைச் சிப்பில் ஒரு சுவிட்ச் மாறத் தேவையான ஆற்றல் இன்றைய முறையைவிட 10 முதல் 30 மடங்கு குறையலாம் எனக் கணக்கிட்டது.

இப்படி ஒரு மெமரி இன்னும் கடைக்கு வரவில்லை. வந்தால் யுபிஎஸ் இல்லாத வீட்டிலும் பாதியில் நின்ற கடிதம் அப்படியே இருக்கும். அதுவரை வேர்டில் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், சேவ் பிரிவில் ஆட்டோ ரெகவர் நேரத்தை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ட்ரோல் + எஸ் அழுத்தவும் மறக்காதீர்கள்!