வாத்தும் தோசை மாவும் கிரிக்கெட் ஆடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், இன்டர்நெட் இணைப்புக் கிடைத்ததும் முதலில் தேடுவது கிரிக்கெட் செய்தியைத்தான். ஸ்கோர் எளிதில் புரிந்துவிடும். ஆங்கிலக் கட்டுரையில்தான் சிக்கல். டிக்‌ஷனரியைத் திறந்தால் 'டக்' என்றால் வாத்து என்கிறது. 'பேட்டர்' என்றால் கரைத்த மாவு என்கிறது. டிக்‌ஷனரி பொய் சொல்லவில்லை. உங்களுக்கு எந்தப் பொருள் வேண்டும் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

டக் என்பது 'வாத்து முட்டை' என்பதன் சுருக்கம். பூஜ்யம் முட்டை வடிவில் இருப்பதால் வந்த பெயர். பரீட்சையில் 'முட்டை வாங்கினான்' என்று நாமும் சொல்கிறோமே, அதே கதைதான்! பேட்டர் என்பது பேட் செய்பவர். ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அமைப்பு 2021-ல் பேட்ஸ்மேனுக்குப் பதில் இந்தச் சொல்லை விதிகளில் சேர்த்தது.

இவையாவது பரவாயில்லை. 'விக்கெட்' என்ற சொல்லைப் பாருங்கள். 2011 ஏப்ரல் 2-ல் மும்பையில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இங்கே விக்கெட் என்றால் அவுட்டாகாமல் மிச்சமிருந்தவை. கம்பீரும் தோனியும் 4-வது விக்கெட்டுக்கு 109 ரன் சேர்த்தார்கள் என்றால், அது இருவரும் ஜோடியாக ஆடிய ஆட்டம். பந்து விக்கெட்டில் பட்டது என்றால் ஸ்டம்பு. விக்கெட் மெதுவாக இருந்தது என்றால் ஆடுகளம். ஒரே கட்டுரையில் இந்த நான்கும் வரலாம். 'மெய்டன்' மட்டும் என்ன? மெய்டன் ஓவர் என்றால் ரன்னே கொடுக்காத ஓவர். மெய்டன் சென்சுரி என்றால் முதல் சதம்.

இதில் சரியான பொருளைக் கம்ப்யூட்டர் எப்படிப் பொறுக்கும்? எங்கள் துறையில் பலகாலமாக உள்ள கேள்வி இது. 1986-ல் மைக்கேல் லெஸ்க் என்பவர் ஓர் எளிய வழி சொன்னார். ஒரு சொல்லுக்கு டிக்‌ஷனரி தரும் ஒவ்வொரு விளக்கத்தையும், பக்கத்துச் சொற்களின் விளக்கங்களோடு ஒப்பிட வேண்டும். எதில் பொதுவான சொற்கள் அதிகமோ அதுவே பொருள். பக்கத்தில் குளமும் இறகும் இருந்தால் வாத்து. ரன்னும் ஓவரும் இருந்தால் பூஜ்யம். எளிமையான யோசனை, ஆனாலும் பாதிக் கிணறுதான் தாண்டும்.

மீதிக் கிணறு 'ஹி' என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. அதே இறுதிப் போட்டியில் மலிங்கா டெண்டுல்கரை அவுட்டாக்கினார். இதைச் சொல்லும் ஆங்கில வாக்கியத்தை அடுத்து, "ஹி ஹேட் மேட் 18" என்று வந்தால் அந்த 'ஹி' டெண்டுல்கர். "ஹி ஹேட் டூ விக்கெட்ஸ்" என்று வந்தால் மலிங்கா. இலக்கணத்தில் இரண்டும் ஒன்றுதான். பேட் செய்பவர் ரன் எடுப்பார், பந்து வீசுபவர் விக்கெட் எடுப்பார் என்று தெரிந்தால்தான் பிரிக்க முடியும். நமக்கு இது யோசிக்காமலே வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு?

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் 'பேஸ்பால்' என்றே ஒரு புரோகிராம் எழுதினார்கள். ஒரு சீசனின் ஆட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் பதில் தரும். அதிலேயே 'பாஸ்டன்' என்றால் ஊரா, அணியா என்ற குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. 'சென்னை மும்பையை வென்றது' என்றால் எந்த ஊரும் எந்த ஊரையும் பிடிக்கவில்லையே! 2017-ல் வந்த 'ட்ரான்ஸ்ஃபார்மர்' என்ற முறைதான் பெரிய பாய்ச்சல். ஒரு சொல்லைப் படிக்கும்போதே, அருகிலும் தொலைவிலும் உள்ள சொற்களில் எது எவ்வளவு தொடர்புடையது என்று அது எடை போடுகிறது.

ஆகவே மொழிபெயர்ப்பு சாப்ட்வேரில் ஒற்றை வரியைக் கொடுக்காதீர்கள். எடை போட அதற்குச் சொற்கள் வேண்டும். பத்தியின் மேல் மவுஸை வைத்து மூன்று முறை கிளிக் செய்தால், பெரும்பாலான பிரவுசர்களில் பத்தி முழுவதும் தேர்வாகும். கன்ட்ரோல் சி அழுத்திக் காப்பி செய்து, கன்ட்ரோல் வி அழுத்தி ஒட்டுங்கள்.

தமிழாக்கம் வந்த பிறகும் ஆங்கிலப் பக்கத்தை மூடிவிட வேண்டாம். ஒரு வீராங்கனையையும் அவரது ஆண் பயிற்சியாளரையும் பற்றிய செய்தி என்றால், ஆங்கிலத்தில் 'ஷீ', 'ஹி' என்று ஆள் பிரிந்துவிடும். தமிழில் மரியாதையாக இருவருமே 'அவர்' ஆகிவிடுவார்கள். சதம் அடித்தது பயிற்சியாளர் என்று படித்துவிடுவீர்கள்!

பிடிஎஃப் ஃபைலிலிருந்து காப்பி செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பல சமயம் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக உடைந்து ஒட்டும். சாப்ட்வேர் அதைத் தனித்தனி வாக்கியமாக எடுத்துக்கொள்ளும். பேக்ஸ்பேஸ் கீயால் வரிகளைச் சேர்த்துவிட்டு மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.