ஊசி போடாத தடுப்பூசி முகாம்

2021 ஜனவரி 2. தமிழ்நாட்டில் 5 மாவட்டங்களில், 17 இடங்களில் கொரோனா தடுப்பூசி ஒத்திகை. மையத்துக்கு 25 சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, கோவின் செயலியில் பெயர் சரிபார்த்து, ஊசி அறைக்குள் போய், பிறகு அரை மணி நேரம் கண்காணிப்பு அறையில் இருந்தார்கள். ஊசி மட்டும் போடவில்லை. ஜனவரி 8-ல் நடந்த அடுத்த ஒத்திகையைப் பார்க்க மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தனே சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வந்தார்.

அன்று சோதிக்கப்பட்டது நர்ஸின் கைத்திறன் அல்ல, ஏற்பாடு. நான்கு நிமிடத்துக்கு ஒருவர் ஊசி போட்டுக்கொண்டால் கண்காணிப்பு அறையில் எந்நேரமும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்றால் 15 நாற்காலி வேண்டும், அதுவும் இடைவெளி விட்டு. அறை போதுமா? ஒருவருக்குத் திடீரென்று மூச்சுத் திணறினால் ஓடிவருவது யார், மருந்துப்பெட்டி எங்கே? மக்கள் வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் இவை.

ஆனால் 25 பேரை வைத்து நடத்தும் ஒத்திகை, கோடிப் பேர் தரும் அழுத்தத்தைக் காட்டாது. அதே ஆண்டு ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது கடந்தவர்களுக்குப் பதிவு தொடங்கியதும் கோவின் தளம் திணறியது. அன்று ஒரு நாளில் பதிந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய கூட்டத்தை ஆட்களை நிறுத்தி ஒத்திகை பார்க்க முடியாது. கணக்கில்தான் வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வழி புதிதல்ல. 1952-லேயே இங்கிலாந்தின் புள்ளியியலாளர் நார்மன் பெய்லி, மருத்துவமனை ஓ.பி.யைக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்தார். கற்பனை நோயாளிகள், டாக்டர் பார்க்கும் நேரம் ஒருவருக்குக் கூடுதல், இன்னொருவருக்குக் குறைவு. டாக்டர் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாதென்று எல்லோரையும் முன்கூட்டியே வரவழைப்பதால்தான் காத்திருப்பு நீள்கிறது என்பது தெரிந்தது. அவர் சொன்ன தீர்வு எளியது: தொடக்கத்தில் இரண்டு பேர் இருக்கட்டும், மற்றவர்களுக்கு சராசரி பரிசோதனை நேர இடைவெளியில் நேரம் கொடுங்கள். டாக்டருக்குப் பெரிய நஷ்டமில்லை. நோயாளிக்கோ அரை நாள் கூலி மிஞ்சலாம்.

சென்னை பெருங்குடி மண்டலத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்கூட இப்படிக் கணக்கிட்டுப் பார்ப்பதை அடுத்த வாரமே தொடங்கலாம். ஓ.பி. சீட்டின் மூலையில் மூன்று நேரங்களைக் குறித்தால் போதும்: சீட்டு வாங்கியது, டாக்டரைப் பார்த்தது, மருந்து வாங்கியது. இரண்டு வாரச் சீட்டுகள் சேர்ந்ததும், மருந்து கவுன்ட்டரில் இன்னொருவரை உட்காரவைத்தால் வரிசை எவ்வளவு குறையும் என்று ஆளைப் போடுவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதாமாதம் வரும் பெரியவர்களுக்குத் தனி நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே சீட்டுகளிலிருந்து பார்க்கலாம்.